யாருடைய முதல்? யாருடைய துணிவு?

 

 

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் உள்ள ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்து வருகின்றது. அங்கே பயானை நீட்ட இயலாது. தொழ வருபவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். உணவு இடைவேளையில் ஓடி வருவார்கள்; ஸலாம் கொடுத்த மறுகணம் செருப்பைத் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வாயிற்காவலரிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆகவே, அங்கே சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன ஒன்றை இந்த ஏட்டின் வாயிலாகச் சொல்ல முற்படுகின்றோம். இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் பேசினால் ஆண்கள் மட்டுமே கேட்பர். இந்த விஷயமோ கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து கேட்க வேண்டியது.

நாம் சொல்ல வருவது வியாபாரத்தைப் பற்றி. ஆண்களுக்கு வியாபாரத்தில் துணிவு அதிகம், பெண்களுக்கு அச்சம் அதிகம், அவர்கள் மாதச் சம்பளத்தையே விரும்புவர் என்று எல்லோரும் சொல்கின்றோமே, அது உண்மைதானா? உண்மையென்றால் அதை அவ்வாறு ஆக்கியது யார்?

முதலில் நம் ஊரைப் பாருங்கள். 30 ஆண்டுகளுக்கு முன் ஏரிப் பாசன நெல்வயல்களாகவும் மேய்ச்சல் நிலமாகவும் கிடந்த பூமி இது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்து, 1998இல் முதல் கார் வெளிவந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். பிறகு லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களை எண்ணினால் 100க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றனர். அவர்களில் பெருங்கூட்டம் ஒன்று இந்தச் சாலைகளில்தான் அதிகாலை நான்கு மணிக்கும் நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்துகளில் போய் வருகின்றது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய ஒரே விடுதியில் 18,720 பேர் தங்கலாம். 2024 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள். ஒரு பெரிய கிராமத்தையே ஒரு வளாகத்திற்குள் அடைத்தாற்போன்ற எண்ணிக்கை!

இத்தனை பேர் வந்தால் இட்லி வேண்டும், துணி தைக்க வேண்டும், அறை வேண்டும், வேன் வேண்டும். அந்த வியாபாரமெல்லாம் யாருடையது? சாலையில் நடந்து பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பலகையில் ஆண் பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் கரண்டியைப் பிடித்திருப்பவர் ஒரு பெண். வேன் அவருடையது, கான்ட்ராக்ட் அவருடையது, மெஸ் அவருடையது. கூலி மட்டும் அவளுடையது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் உடைமையாக நடத்தும் தொழில்கள் 100க்கு 14ஐ எட்டவில்லை. அந்த எண்ணிக்கையில் நம் தமிழ்நாடு முதலிடம் என்பது மகிழ்ச்சியே. ஆனால் அவற்றில் 100க்கு 83, சம்பளத்திற்கு ஓர் ஆளைக்கூட வைத்துக்கொள்ளாதவை. தையல் மெஷினும் அவளும், அடுப்பும் அவளும், அவ்வளவுதான்.

இதற்கு மக்கள் சொல்லும் காரணம் எளிது. "பெண்ணின் சுபாவம் அது. அவள் பயந்தவள்." நாமும் பல காலம் அப்படித்தான் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு சகோதரி கேட்ட கேள்வி. அதை அப்படியே சொல்லிவிடுகின்றோம். நம்முடைய தவறும் அதில் இருக்கின்றது.

ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு கணவனும் மனைவியும், கூடவே அப்பெண்ணின் தாயாரும் நம்மிடம் வந்தனர். அப்பெண் நிக்காஹுக்கு முன் நான்கு ஆண்டுகள் ஒரு கைப்பேசி ஆலையில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவரே சேர்த்ததும் அத்தா போட்டதுமாகப் 14 பவுன் நகையோடு கணவர் வீட்டிற்கு வந்தார். கணவர் நல்ல மனிதர், தொழுகையாளி, குடும்பத்தை நேசிப்பவர். ஆனால் பிறரிடம் கைகட்டி வேலை பார்க்க அவருக்கு மனமில்லை. முதலில் கேன் தண்ணீர் ஏஜென்ஸி எடுத்தார். அதற்கு 6 பவுன் போயிற்று. பிறகு ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட். பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம் ஆகுமாம்; ஆட்களுக்கோ வாராவாரம் கூலி கொடுத்தாக வேண்டும். அதில் 5 பவுன் அடகுக்குப் போய், மீட்க முடியாமல் முழுகிவிட்டது. மீதி 3 பவுன். அதையும் விற்று முன்பணம் கட்டி, தவணையில் ஒரு வேன் எடுத்து ஆலைக்கு ஓட்டலாம் என்பது அவர் யோசனை. மனைவி மறுத்தார். அந்த மூன்றில் ஒரு பவுனை விற்றுப் பெரிய கிரைண்டர் ஒன்றும், பழைய குளிர்பெட்டி ஒன்றும் வாங்கி, அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களுக்கு இட்லி மாவு அரைத்து விற்கப் போவதாகச் சொன்னார்.

அதற்குக் கணவர் சொன்னார்: "நஷ்டம் வந்தா என்ன பண்ணுவா ஹஜ்ரத்? பொம்பளைக்கு வியாபாரம் என்ன தெரியும்?"

11 பவுனைக் கரைத்தவர் ஒரு பவுனைப் பற்றிக் கேட்ட கேள்வி இது. அந்த நேரத்தில் அது நம் காதில் விழவேயில்லை. கணவரின் மனத்தை நோகச் செய்யாதீர்கள், பொறுமையாயிருங்கள், ஸப்ருக்குக் கூலி உண்டு என்று அப்பெண்ணுக்கே உபதேசம் செய்தோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், "அவருக்கு நஷ்டம் வந்தா அது நஸீபு. எனக்கு நஷ்டம் வந்தா அது என் புத்திக் குறைவு. இது எந்தக் கிதாபுல இருக்கு ஹஜ்ரத்?" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கமும் வரவில்லை. ஓதிய கிதாபுகளையெல்லாம் மனத்திற்குள் புரட்டிப் பார்த்தோம். எந்தக் கிதாபிலும் அது இல்லை. அதற்கு நேர்மாறானதுதான் இருக்கின்றது.

சகோதரர்களே! ஷரீஅத் இந்த விஷயத்தை எப்படி வைத்திருக்கின்றது என்று சற்று நிதானமாகப் பாருங்கள். மனைவி மக்களுக்கு உணவு, உடை, உறைவிடம் கொடுக்கும் நஃபகா என்ற பொறுப்பு கணவன் மீது சுமத்தப்பட்டிருக்கின்றது. மனைவி செல்வச் சீமாட்டியாக இருப்பினும் அந்தப் பொறுப்பு அவனை விட்டு அகலாது. மனைவியின் மஹரோ, அவளுடைய பெற்றோர் கொடுத்ததோ, அவளுக்கு வாரிசுரிமையில் வந்ததோ, அவள் உழைத்துச் சேர்த்ததோ முழுக்க முழுக்க அவளுக்கே சொந்தம். நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் மஹரை மனமுவந்து கொடுத்துவிடச் சொல்கின்றது. அவளாகவே மனம் ஒப்பி அதில் எதையேனும் விட்டுக்கொடுத்தால்தான் கணவன் அதை அனுபவிக்கலாம் என்கின்றது. அதே அத்தியாயத்தின் 32ஆம் வசனம் ஆண்கள் சம்பாதித்தது அவர்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது அவர்களுக்கு என்று பிரித்தே வைத்துவிட்டது. அறிவும் பருவமும் அடைந்த பெண் தன் பொருளைக் கொண்டு விற்கவும் வாங்கவும் கணவனின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே நம் நாட்டில் பின்பற்றப்படும் ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் சட்டமும்.

அப்படியானால் கணக்கு எப்படி வருகின்றது? ஆணின் கையிலுள்ள பணத்தில் பிள்ளைகளின் சோறு இருக்கின்றது. அதைப் பணயம் வைப்பவன் தன் கடமையைப் பணயம் வைக்கின்றான். எனவே பயப்பட வேண்டியவன் அவன்! பெண்ணின் பணத்தின் மீதோ அத்தகைய பாரம் ஏதுமில்லை. அது போனாலும் அடுப்பெரிய வேண்டியது கணவனின் பொறுப்பு. எனவே துணிந்து வியாபாரத்தில் இறங்க ஷரீஅத் வழிவிட்டிருப்பது அவளுக்கே அதிகம்.

நடைமுறையில் இது ஏன் தலைகீழாகக் கிடக்கின்றது? அவளிடம் முதல் இல்லை. இருந்த முதலை நாம் எடுத்துக்கொண்டோம். ஆணின் துணிவு என்று நாம் மெச்சுவது பல வீடுகளில் மனைவியின் கழுத்திலிருந்து கழற்றியது. தன் கழுத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சங்கிலியை அவள் பற்றிக்கொண்டால் அதற்கு நாம் இட்ட பெயர் பயம்!

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. பக்கத்திலுள்ள இலங்கையில் நடந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். சுனாமிக்குப் பின், 2005இல் தொடங்கி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்துவந்த ஆண்களிலும் பெண்களிலும் குலுக்கல் முறையில் சிலரைத் தெரிந்தெடுத்து, 10,000 ரூபாய் அல்லது 20,000 ரூபாய் பணமாகவோ தொழிற்பொருளாகவோ இனாமாகக் கொடுத்துப் பார்த்தார்கள் பொருளியல் ஆய்வாளர்கள். ஆண்களின் இலாபம் உயர்ந்தது. பெண்களின் இலாபம் சராசரியில் உயரவேயில்லை. பார்த்தீர்களா, நாம்தான் சொன்னோமே என்று பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 2019இல் வேறு சில ஆய்வாளர்கள் இந்தக் கணக்கையும், இந்தியாவிலும் கானாவிலும் திரட்டிய இதே போன்ற கணக்குகளையும் மீண்டும் எடுத்து, வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தனர். பெண்ணுக்குக் கொடுத்த முதல் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது! வீட்டில் அவள் ஒருத்தியே தொழில் செய்பவளாக இருந்த இடங்களில், அவளுடைய ஆதாயம் ஆண்களுடையதற்குக் குறைந்ததாக இல்லை. குறை பெண்ணின் திறமையில் இருக்கவில்லை. பணம் போன பாதையில் இருந்தது.

ஆண்களின் துணிவைப் பற்றியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 35,000க்கு மேற்பட்ட குடும்பங்களின் பங்குச்சந்தைக் கணக்குகளை ஆறாண்டுக் காலத்திற்கு ஆராய்ந்து 2001இல் வெளியிட்டனர். ஆண்கள் பெண்களைவிட 45 சதவிகிதம் அதிகமாக வாங்கி விற்றிருந்தனர். அப்படி ஓயாமல் வாங்கி விற்றதனாலேயே பெண்களைவிட அதிகமாக இழந்தும் இருந்தனர். தன் அறிவின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை! இதைப் படித்தபோது நமக்கு ஏனோ அந்தக் கேன் தண்ணீர் ஏஜென்ஸி நினைவுக்கு வந்தது.

சரி, நம் முன்னோர் எப்படி இருந்தனர்?

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வரலாற்றை மீலாது மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். பெருமானார் (ஸல்) அவர்களின் வறிய காலத்தில் துணை நின்ற செல்வச் சீமாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றோம். அந்தச் செல்வத்தை அவர்கள் எப்படிப் பெருக்கினார்கள் என்று நின்று பார்ப்பதில்லை. கணவரை இழந்த பெண்மணியான அவர்கள் ஒட்டகத்தின் மீதேறி ஷாம் தேசம் போனவர்கள் அல்லர். முதல் அவர்களுடையது, பிரயாணம் செய்து விற்பவர் வேறொருவர், இலாபத்தில் இருவருக்கும் பங்கு. யாரை நம்பலாம் என்று விசாரித்து, நேர்மையாளர் என்று மக்காவே சொன்ன இளைஞரைத் தெரிந்தெடுத்து, மற்றவர்களுக்குத் தருவதைவிட அதிகமாகத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடவே மைஸராவையும் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து கண்டதையெல்லாம் சொன்னார். இதில் அச்சம் எங்கே இருக்கின்றது? விசாரிப்பது, நம்பகமான ஆளைப் பிடிப்பது, கூட ஒரு கண்ணை அனுப்புவது, இவையன்றோ வியாபாரத்தின் தலைப்பாடம்! நம் வீட்டில் ஒரு பெண், "அந்தக் கான்ட்ராக்ட்காரர் எப்படிப்பட்டவர்? விசாரித்தீர்களா?" என்று கேட்டால், வேலை தொடங்கும்போதே அபசகுனமாகப் பேசுகிறாய் என்று வாயை அடைத்துவிடுகின்றோம்.

அடுத்து, அதிகம் சொல்லப்படாத ஒரு செய்தி. தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த ஒரு பெண்மணி, ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார், தம்முடைய பேரீச்ச மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டார்கள். ஒருவர் வழிமறித்துக் கண்டித்தார். அப்பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டார்கள். போய்ப் பறியுங்கள் என்றே அனுமதி கிடைத்தது. அதிலிருந்து தருமம் செய்யவோ நன்மை புரியவோ கூடும் என்ற காரணமும் சொல்லப்பட்டது. முஸ்லிம் ஷரீஃபில் உள்ள செய்தி இது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிட்டால் கூலி உண்டா என்று கேட்டனுப்பினார்கள். உறவைப் பேணிய கூலி ஒன்று, தருமத்தின் கூலி ஒன்று, ஆக இரண்டு என்று பதில் வந்தது. கவனியுங்கள்! மனைவி கணவனுக்குக் கொடுப்பது தருமம் என்று எண்ணப்பட்டது. அவனுக்கு உரிமையானதை அவள் கொடுத்தாள் என்று எண்ணப்படவில்லை.

இனி, அந்தச் சகோதரியின் கேள்விக்கு நேரான விடை. இமாம் தபரீ அவர்கள் தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கின்றார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். முன்பு அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவியாக இருந்த ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள், வியாபாரம் செய்வதற்காகப் பைத்துல்மாலிலிருந்து 4,000 கடன் கேட்டார்கள். கலீஃபா கொடுத்தார்கள். ஹிந்த் அவர்கள் கல்பு கோத்திரத்தாரின் பகுதிக்குப் போய் வாங்கினார்கள், விற்றார்கள். நஷ்டம் வந்தது! மதீனாவிற்குத் திரும்பி வந்து நஷ்டத்தை முறையிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் என்ன சொன்னார்கள்? பணம் தம்முடையதாக இருந்தால் விட்டுவிட்டிருப்பதாகவும், அது முஸ்லிம்களின் பொதுப்பணமாக இருப்பதால் விட முடியாதென்றும் சொன்னார்கள். அவ்வளவே. பெண்ணுக்கு ஏன் வியாபாரம் என்று கேட்கவில்லை. இனிமேல் எந்தப் பெண்ணுக்கும் கடன் இல்லை என்று சட்டம் போடவுமில்லை. கண்டிப்பில் யாருக்கும் குறையாத அந்த உமர் (ரலி) அவர்கள், ஒரு வியாபாரியின் நஷ்டத்தை வியாபாரியின் நஷ்டமாகவே பார்த்தார்கள். கடனைத் திருப்பிக் கேட்டதுகூட அந்தப் பெண்மணிக்குச் செய்த மரியாதைதான் என்று நமக்குத் தோன்றுகின்றது. வாக்குக்குப் பொறுப்பானவர் என்று மதித்தவரிடம்தானே கடனைத் திருப்பிக் கேட்போம்?

நம் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். குழுக் கடனும் நிதி நிறுவனக் கடனும் பெண் பெயரில்தான் கிடைக்கின்றன. கையெழுத்து அவளுடையது. பணம் கணவனின் கைக்குப் போகின்றது. வாரந்தோறும் தவணை கேட்டு வருபவன் நிற்பது அவளுடைய வாசலில். இதை வட்டிக் கடன் ஹராம் என்ற ஒரு வார்த்தையால் சொல்லிவிட்டு நாம் எழுந்துவிடலாம். ஹராம்தான், ஐயமில்லை. ஆனால் அவளை அந்த வாசலுக்குத் தள்ளியது, அவளுடைய ஹலாலான முதலை முதலிலேயே பறித்துக்கொண்ட நாம்தானே? பல மஹல்லாக்களில் பைத்துல்மால் அமைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கின்றனர். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. அந்தப் பட்டியல்களில் பெண்கள் பெயர் எத்தனை, அதிலும் மருத்துவச் செலவுக்கென்றில்லாமல் தொழிலுக்கென்று வாங்கியவை எத்தனை என்று நிர்வாகிகள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இருக்கின்றன. நம்மவர் திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகின்றது. நம்மில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

நிலத்தின் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. இங்கே தொழிற்பூங்காக்களுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது இழப்பீட்டுப் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்குக் கிடைத்தது. பட்டாவில் இருப்பதோ பெரும்பாலும் அண்ணன் தம்பிமார் பெயர். அந்தப் பணத்தில் லாரி வாங்கியவர்கள் உண்டு, கடை கட்டியவர்கள் உண்டு. தகப்பனார் விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதித்திருக்க, அக்காளையும் தங்கையையும் அழைத்து உன் பங்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? "கல்யாணத்துக்குத்தான் செய்துவிட்டோமே" என்பார்கள். கல்யாணத்திற்குச் செய்தது வாரிசுப் பங்கிலிருந்து கழியாது, சகோதரரே! அந்தப் பங்கு அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இன்று இந்தச் சாலையில் சில பலகைகளிலேனும் பெண்களின் பெயர் இருந்திருக்கும்.

ஆலைச் சம்பளமே நிச்சயமானது என்று எண்ணும் நம் பெண்மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2006இல் ஆரவாரத்தோடு தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றுபோனது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர். அவர்களில் பெண்கள் ஏராளம். அந்த ஆலையை நம்பி அறை கட்டியவர்களும் வேன் வாங்கியவர்களும்கூடத் தவித்தனர். ரிஸ்க்கை மாதச் சம்பளத்திலும் பூட்டி வைக்க முடியாது, கான்ட்ராக்டிலும் பூட்டி வைக்க முடியாது. பெண்கள் தொழில் செய்வது நமக்குப் புதிதுமன்று. நெல்லைச் சீமையில் பத்தமடைப் பாய் என்றால் உலகமே அறியும். அந்தக் கோரையைப் பட்டுப்போல் நெய்யும் விரல்கள் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களுடையவை. விரல் அவர்களுடையதாக இருக்க, விலை பேசும் நாக்கு மட்டும் வேறொருவருடையது என்பதுதான் நம் பழைய குறை. வேடிக்கை என்னவென்றால், மகளை நள்ளிரவு ஷிப்டுக்குப் பேருந்தேற்றி அனுப்பிவிட்டு வரும் தகப்பனாரே, அவள் தன் தெருவில் பகலில் ஒரு கடை வைக்கிறேன் என்றால் "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்கின்றார். ஹிஜாபைப் பேணி எது எளிதில் இயலும் என்று அவரே யோசிக்கட்டும்.

பெண்களிடமும் குறை இல்லாமலில்லை. ரமளானில் சமோசா போட்டு விற்கும் சகோதரிகளைக் கேட்டால் எண்ணெய் விலை தெரியும், மாவு விலை தெரியும். கேஸ் சிலிண்டரையும் தம் உழைப்பையும் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார்கள். உறவினர் வந்தால் அடக்க விலைக்கே கொடுத்துவிடுவார்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றால் சிரிப்பார்கள். எழுதாத வியாபாரத்தில் இலாபம் எது, முதல் எது என்று எப்படித் தெரியும்? திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாயிற்றே!

எழுதுவது என்றதும் முக்கியமான இடத்திற்கு வந்துவிட்டோம். மனைவியின் நகையைக் கணவன் தொழிலுக்கு எடுக்கின்றான். அது என்ன? அவள் அன்பளிப்பாகக் கொடுத்த ஹிபாவா? திருப்பித் தர வேண்டிய கர்ளா? இலாபத்தில் பங்குள்ள முளாரபாவா? மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு. ஹிபா என்றால் அவள் மனம் உண்மையிலேயே ஒப்பியிருக்க வேண்டும். மாமியார் முகத்தைப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தது மனம் ஒப்பியதாகாது. கர்ள் என்றால் எத்தனை பவுன் வாங்கினானோ அத்தனை பவுன் எடைக்கு எடை திரும்ப வேண்டும். தொழில் முழுகினாலும் கடன் முழுகாது. அவன் மௌத்தானால் சொத்தைப் பங்கு வைக்கும் முன் அதை அடைத்தாக வேண்டும். முளாரபா என்றால் நஷ்டத்தை அவள் தாங்குவாள். ஆனால் இலாபம் வந்த மாதங்களில் அவள் பங்கு எங்கே? நம் வீடுகளில் இந்த மூன்றில் எதுவென்று பேசுவதேயில்லை. இலாபம் வந்தால் அவன் தொழில், நஷ்டம் வந்தால் அவள் நகை. ஹனஃபீ மத்ஹபில் நகைக்கு ஜகாத் உண்டல்லவா? ரமளான் வந்து ஜகாத் கணக்குப் போடும்போது மட்டும் அது "உன் நகை". வேன் வாங்கும்போது "நம்ம நகை".

அந்தத் தம்பதியை நாமே மறுபடி வரச் சொல்லி அனுப்பினோம். முதலில் அச்சகோதரியிடம், அன்று நாம் சொன்னது முழுச் சட்டமன்று என்று ஒப்புக்கொண்டோம். சொல்ல நாக்குக் கூசியது. ஆனால் சொல்லியாக வேண்டியிருந்தது. பிறகு கணவரிடம் மேலே எழுதிய மூன்றையும் விளக்கி, 11 பவுன் இவற்றில் எது என்று கேட்டோம். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் குடும்பத்துக்குத்தானேன்னு நினைச்சேன் ஹஜ்ரத். இவகிட்ட கேட்கணும்னு தோணலை" என்றார். அதில் பொய் இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தோன்றியதில்லை.

மனைவியிடம் கேட்டோம். அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை, கேட்டதால் கொடுத்தேன் என்றார். எனவே 11 பவுனும் கர்ள் என்று எழுதினோம். தவணை வருடத்திற்கு ஒரு பவுன். இயலாத வருடத்தில் அவகாசம். மீதி 3 பவுன் அவருடையது. அதில் ஒன்றை விற்றுக் கிரைண்டர். மாவைக் காலையிலும் மாலையிலும் அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கணவரே, தம் இரு சக்கர வண்டியில், இலாபத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் செய்வதென்று முடிவாயிற்று. இதை அவரே சொன்னார்; நாம் சொல்லவில்லை. நஷ்டம் வந்தால் முதலுக்குரியவர் தாங்குவார், அதற்காக யாரும் யாரையும் பேசக்கூடாது என்று கடைசி வரியில் சேர்க்கச் சொன்னவர் அப்பெண்ணின் தாயார். அப்படி ஒரு ஷரத்து எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை. ஆயினும் எழுதினோம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டனர்.

முதல் மாதக் கணக்கை எழுத நோட்டு வேண்டியிருந்தது. கணவர் வீட்டிற்குப் போய், பழைய கான்ட்ராக்ட் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது. எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, முதல் வெற்றுத் தாளின் மேலே மனைவியின் பெயரை எழுதி, அவரிடம் கொடுத்தார்.